தேயிலைக்கு வேர் உண்டு, வீட்டுக்குப் பட்டா இல்லை

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக நீலகிரியில் அரசே உருவாக்கிய தோட்டம், அரசே குடிவைத்த ஊர்கள். அரை நூற்றாண்டு கழித்துத் தோட்டத்தில் ஏறத்தாழப் பாதி காட்டுக்குத் திரும்புகிறது. ஊர் எங்கே போகும்?

விடிகாலையில் கொட்டிவாக்கம் குப்பத்தில் கரையேறும் மீனவருக்கும், ஈ.சி.ஆரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கும் அன்றைய முதல் செலவு ஒரு டீ. சென்னை டீக்கடைகளில் கொதிக்கும் டஸ்ட் தூளில் கணிசமான பங்கு நீலகிரியில் அரைபட்டு வருவது. ரேஷன் கடையில் கிடைக்கும் ‘ஊட்டி டீ’ பாக்கெட்டும் அந்த மலையின் சரக்குதான். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் தயாராவது. அதே மலையில் அரசாங்கமே முதலாளியாக இருக்கும் இன்னொரு தேயிலை உண்டு. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டேன்டீ. லாபத்துக்காகத் தொடங்கிய கம்பெனி அல்ல அது. கப்பலில் வந்து இறங்கிய மக்களை எங்கே குடிவைப்பது என்று தெரியாமல் அரசு தவித்தபோது கிடைத்த விடை.

கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர் வழியாகச் சேரம்பாடிக்குப் போகும் பஸ் வளைவுக்கு வளைவு நின்று போகும். இறங்கிக் கொஞ்சம் மேடேறினால் வரிசையாக லைன் வீடுகள். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பால்வாடி, ஒரு ரேஷன் கடை, பற்று நோட்டு வைத்திருக்கும் மளிகைக் கடை, சரிவில் தொழிற்சாலையின் புகைக்கூண்டு. பெரியவர்களிடம் பிறந்த ஊரைக் கேட்டால் ஹட்டன், பதுளை, நுவரெலியா, தலவாக்கலை என்று பதில் வரும். அவர்களுடைய பாட்டன் ஊர் எது என்று கேட்டால் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம். தலைமுறைக் கணக்கில் இரண்டு முறை கடல் தாண்டிய குடும்பங்கள் இவை. அக்கம்பக்கத்தார் வாயில் இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’.

ஒப்பந்தம் போட்ட ஊர்

1820களில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களில் ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள் ஆங்கிலேயர்கள். 1869ல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழியத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடமெல்லாம் தேயிலை ஏறியது. கங்காணிகளின் பின்னால் லட்சக்கணக்கான தமிழர்களும் மலையேறினார்கள்.

சுதந்திர இலங்கை செய்த முதல் வேலைகளில் ஒன்று 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். மறுவருடம் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். கணக்கில் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1974ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீட்டைப் பற்றி அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பல். பிறகு மண்டபம் முகாம். 1984ல் போரால் கப்பல் நின்றது. அதற்குள் குழந்தைகளையும் சேர்த்து நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முகாமில் குடும்ப அட்டையைப் பார்த்து அதிகாரிகள் வழி சொன்னார்கள்: சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குத் தோட்ட வேலை, மிகப் பலருக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடன். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு எதுவும் அறியாத குடும்பத்தை வறண்ட சமவெளியில் கொண்டுபோய் இறக்கிக் கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கடன் கரைந்ததும் பலர் தாங்களாகவே நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். தெரிந்த குளிர், தெரிந்த வேலை.

தோட்ட வேலை என்ற வரிசையில் நின்றவர்களுக்காகத் தமிழக வனத்துறை 1968ல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் திட்டம். அது 1976ல் தனிக் கழகமாகி, குன்னூரில் தலைமை அலுவலகம் வைத்தது. கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பாண்டியார், நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, வால்பாறை என நாலாயிரம் ஹெக்டேருக்கும் மேல் தேயிலை. சுமார் 2,400 குடும்பங்களுக்கு மறுவாழ்வு. கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் இதே மக்களுக்காக அரசு ரப்பர் தோட்டங்கள் உருவாயின.

மஸ்டர், எடை, பேர்

இந்த ஊர்களின் பொருளாதாரம் காலை மஸ்டரில் தொடங்குகிறது. அக்கரையில் அதைப் பெரட்டு என்றார்கள். பெயரைக் கூப்பிட்டு, இன்றைக்கு எந்த நம்பர் காடு என்று பிரித்துவிடுவார் மேஸ்திரி. இடுப்பில் படங்கு, காலில் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் கொங்காணி, கையில் கத்தரி. ஒரு மொட்டும் இரண்டு இலையும் விரலால் கிள்ளிய காலம் பெரும்பாலும் போய்விட்டது. பையோடு பொருத்திய கத்தரியால் வெட்டினால் நாளுக்குக் கூடுதல் கிலோ சேரும். கூடவே முற்றிய இலையும் காம்பும் சேர்ந்து தூளின் தரம் இறங்கும். மழைக்காலத்தில் பூட்ஸுக்குள் அட்டை. அதற்குப் புகையிலைத் தூளோ உப்போ துணியில் முடிந்து வைத்திருப்பார்கள்.

ஒருமுறை வெட்டிய செடிக்குத் திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து. நேரத்தில் வராவிட்டால் செடி மட்டம் தாண்டிப் போகும். கவாத்தே இல்லாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். ஆகவே தேயிலைத் தொழிலில் ஆள்தான் முதல். ஆள் குறைந்தால் வெட்டாத காடு வளரும், வெட்டாத காட்டுக்குள் உண்ணிச்செடி ஏறும், உண்ணிச்செடிக்குள் காட்டுப்பன்றியும் சிறுத்தையும் படுக்கும். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போக ஆளே கிடைக்காது.

எடை போடும் இடத்தில்தான் அன்றைய நாள் தீர்மானமாகிறது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிவு போக மிச்சம் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். குறித்த கிலோவைத் தொட்டால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி. தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று மேல்வருமானம். நாலரைக் கிலோ பச்சை இலை தொழிற்சாலைக்குள் போய் வாட்டி, சி.டி.சி. உருளைகளில் கிழிபட்டு, நொதித்து, உலர்ந்து, சலித்து வந்தால் ஒரு கிலோ தூள். அந்தத் தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகும். என்ன விலை போகும் என்பது வெட்டியவர் கையிலும் இல்லை, விற்கும் கழகத்தின் கையிலும் இல்லை.

அரசுத் தோட்டம் என்பதால் பி.எஃப்., கிராஜுவிட்டி, தீபாவளி போனஸ், மருத்துவமனை எல்லாம் உண்டு. தனியார் தோட்டத்தில் சட்டப் புத்தகத்தோடு நின்றுபோகும் பல சலுகைகள் இங்கே ஓரளவு நடைமுறையில் இருந்தன. சம்பளத் தேதியில் மளிகைக்கடைப் பற்று தீரும், சுய உதவிக்குழுத் தவணை கட்டப்படும், பந்தலூரிலும் கூடலூரிலும் துணிக்கடைகள் நிரம்பும். லைன் வீட்டில் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் பந்தலூர் பஜாரில் அது தெரியும்.

ஒரு முதலாளி, ஒரே பயிர்

எது இந்த ஊர்களைத் தாங்கியதோ அதுவே பலவீனமாகவும் ஆனது. வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் தண்ணீர் விடுபவரும் ஒருவரே. அவர் நடத்துவது ஒரே பயிர்.

நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக சோவியத் ஒன்றியம் இருந்தது. 1991ல் அது கலைந்த பிறகு அந்தச் சந்தை பழைய உறுதியோடு திரும்பவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சை இலை விலை சரிந்து மாவட்டமே தெருவுக்கு வந்தது. இந்தியா–இலங்கை தாராள வர்த்தக உடன்பாடு 2000ல் நடைமுறைக்கு வந்தபோது, வருடத்துக்கு 1.5 கோடி கிலோ சிலோன் தேயிலை சலுகை வரியில் இந்தியாவுக்கு வர வழி திறந்தது. தங்கள் பாட்டன் நட்ட தேயிலையே தங்கள் பிழைப்புக்குப் போட்டியாக வருமோ என்று இந்த மக்கள் பயந்த காலம் அது.

டேன்டீயின் கணக்கு எளிமையானது. சலுகைகளோடு சம்பளம் கொடுக்க வேண்டும்; ஆனால் அந்தச் செலவுகள் இல்லாத தொழிற்சாலைகள் விற்கும் அதே ஏலத்தில், அதே விலைக்கு விற்க வேண்டும். பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்யப் பணம் இல்லை. விளைச்சல் குறைந்தது, நஷ்டம் கூடியது, ஓய்வு பெற்றவர்களின் பணப்பலன் இழுபட்டது. இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் சென்னைக்கும் இறங்கினார்கள். மலையிலேயே இருந்தவர்கள் கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போனார்கள். நீலகிரித் தோட்டங்களில் அவர்கள் விட்ட இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலைக்கு ஆள் கட்டும் பழைய வியாபாரம் வேறு ரயிலில் தொடர்கிறது.

படித்து இறங்கிய பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் இங்கே ஒரு சுவரைக்கூடத் தள்ளிக் கட்ட முடியாது. வீடு கழகத்தினுடையது. வேலை செய்யும்வரை இருக்கலாம். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் அதே வாசலில் கோலம் போட்டவர் போக்கிடம் தேட வேண்டிய வயது ஐம்பத்தெட்டோ அறுபதோ.

நிலம் யாருடையது?

கழகத்தின் வீடு என்றேன். அதன் அடியில் உள்ள நிலம் கழகத்தினுடையதும் அல்ல. அது வனத்துறையிடமிருந்து குத்தகைக்கு எடுத்த காட்டு நிலம். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், அதை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாசில்தார் மனது வைத்தால்கூட அங்கே பட்டா எழுத முடியாது.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. இது நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தின் ஜென்ம பூமி, அதாவது பரம்பரை உடைமை. ஜென்ம முறையை ஒழிக்க 1969ல் சட்டம் வந்து, 1974ல் நடைமுறைக்கு வந்தது. பட்டாவா, குத்தகையா, காடா என்று முடிவாகாமல் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் இன்றும் இழுபறியில் இருக்கிறது. அந்த நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மின் இணைப்புகூட ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வாக்குறுதி. இந்தியக் காடுகளின் சட்டத்தையே மாற்றி எழுதிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு இங்கே பிறந்ததுதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த அவர், கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு நாடு முழுக்கக் ‘காடு’ என்பதன் எல்லையை விரித்தது.

ஜென்மி, வனத்துறை, கழகம் எல்லோருக்கும் முன்னால் இங்கே பணியரும் காட்டுநாயக்கரும் பெட்டக்குறும்பரும் முள்ளுக்குறும்பரும் இருந்தார்கள். அவர்கள் தேனும் கிழங்கும் எடுத்த காடுதான் தேயிலைக்காக வெட்டப்பட்டது. அவர்களையும் யாரும் கேட்கவில்லை. இலங்கையில் துரத்தப்பட்டவர்களுக்கு இங்கே கொடுத்தது இன்னொருவர் வாழ்ந்த இடம். இதற்காகத் தோட்டத் தொழிலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. இடத்தைத் தேர்ந்தது அவர் அல்ல. ஆனால் அவருக்கு நியாயம் கேட்கும் யாரும் இந்த உண்மையை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது.

வேறு மலைகள், வேறு கணக்குகள்

அரசு தன் தேவைக்காக மக்களைக் குன்றின்மேல் குடிவைப்பது உலகில் புதிதல்ல. இன்றைக்கு அதிகம் பேசப்படுவது ஜோர்டான் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியிருப்புகள். 1998ல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோன், குன்றுகளை ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே அழைத்தார். நாலைந்து கேரவன் வண்டிகளில் தொடங்கிய குன்றுச்சிக் குடியிருப்புகளுக்குச் சாலை, மின்சாரம், தண்ணீர், காவலுக்கு ராணுவம் எல்லாம் வந்து சேர்ந்தன. திராட்சைத் தோட்டம், ஒயின், ஆலிவ் என்று உள்ளூர்த் தொழில்களும் முளைத்தன. பிசாகோட் என்ற குடியிருப்பின் ஒயின் ஆலை தொடர்புடைய வழக்கில், இத்தகைய பொருள்களில் அவை குடியிருப்பிலிருந்து வருபவை என்று முத்திரையிட வேண்டும் என 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக்கிரமித்த நிலத்தில் எழுந்த அந்தக் குடியிருப்புகள் சட்டவிரோதமானவை என்று 2024ல் சர்வதேச நீதிமன்றமும் கருத்து சொன்னது.

நீலகிரியும் அதுவும் ஒன்றல்ல. அங்கே போனவர்கள் நிலத்தைப் பிடிக்கப் போனவர்கள்; இங்கே வந்தவர்கள் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். பொதுவாக உள்ள செய்தி ஒன்றே ஒன்று. இப்படிப்பட்ட ஊரின் பொருளாதாரம் திராட்சையிலோ தேயிலையிலோ நிற்பதில்லை, அரசின் கணக்குப் புத்தகத்தில் நிற்கிறது. அந்தப் பக்கத்தை அரசு மூடும் நாளில் ஊர் என்ன ஆகும் என்பதுதான் சோதனை.

நமக்கு நெருக்கமான இன்னோர் ஒப்பீடு கொச்சி யூதர்கள். 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த அவர்களில் ஒரு பகுதியினரை நெகேவ் பாலைவனத்து நெவாதிம் போன்ற ஊர்களில் குடிவைத்தார்கள். மிளகும் தென்னையும் பார்த்தவர்களுக்கு அது அந்நிய மண். ஆனால் ‘மோஷாவ்’ முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீண்டகாலக் குத்தகையில் தனி நிலம், ஊருக்குப் பொதுவாகக் கூட்டுறவு. பின்னாளில் பசுமைக்குடில் அமைத்துப் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஒரு பயிர் போனால் இன்னொன்று வைக்கலாம். முடிவு குடும்பத்தின் கையில் இருந்தது. சேரம்பாடிக்காரருக்குக் கிடைத்ததோ செக்ரோலில் ஒரு பேர்.

தி.நகர் வங்கி

கூட்டுறவு என்பது நம் அரசுக்குத் தோன்றாத யோசனையும் அல்ல. வடக்கு உஸ்மான் சாலையில் நகைக்கடைக் கூட்டத்தில் நீந்திப் போகிறவர்கள் ரெப்கோ வங்கியின் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயரில் ஒளிந்திருப்பது ‘தாயகம் திரும்பியோர்’. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969ல் தொடங்கிய கூட்டுறவு நிதி நிறுவனம் அது. மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் திரும்பி வந்தவர்களும் அதில் பங்குதாரர்கள். நகைக்கடன், வீட்டுக்கடன் என்று வளர்ந்து, லாபம் ஈட்டும் வங்கியாக நிற்கிறது. வீட்டுக்கடனுக்கென்றே அது தொடங்கிய தனி நிறுவனமும் உண்டு. திரும்பியவர்களின் பெயரால் எழுந்த வங்கி நகரத்துக்காரர்களுக்கு வீடு கட்டக் கடன் தருகிறது. யாருக்காக அது பிறந்ததோ அந்தத் தோட்டத் தொழிலாளி வீட்டுக்கடன் கேட்டால் பட்டா எங்கே என்ற கேள்வி வரும். அத்தோடு பேச்சு முடிந்தது.

காட்டுக்குத் திரும்பும் தோட்டம்

2022ல் தமிழக அரசு டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க உத்தரவிட்டது. நஷ்டம், ஆள் பற்றாக்குறை, யானை–மனித மோதல் என்பவை காரணங்கள். தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கட்சிகள் வந்தன, போயின. யாருடைய வேலையும் போகாது என்று அரசு உறுதி சொன்னது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வீடு தரவும், அதற்குப் பயனாளி கட்ட வேண்டிய பங்கைத் தானே ஏற்கவும் முன்வந்தது. நல்ல தொடக்கம், தேவைக்குப் போதாது.

காட்டுக்குத் திருப்புவது தவறென்று சொல்ல முடியாது. அதே வருடம் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ரேஷன் அரிசி வாசனைக்கு வீடுகளை உடைத்துக்கொண்டிருந்த மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) டிசம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். பி.எம்.2 என்று வனத்துறை பெயர் வைத்த அந்த யானை ஒரு பெண்ணின் உயிரையும் பறித்திருந்தது. யானை நடந்த வழியில் தேயிலை, தேயிலைக்கு நடுவே லைன் வீடு, வீட்டுக்குள் அரிசி. வெட்ட ஆளில்லாத தோட்டத்தைக் காடாக்கினால் யானைக்கும் நல்லது, கீழே ஓடும் ஆற்றுக்கும் நல்லது. பெயரளவில் காடென்று அறிவித்துவிட்டு உண்ணிச்செடியை வளரவிடாமல், உள்ளூர் மரங்களை நட்டுச் சோலையை மீட்டால் அதிலேயே பல வருடத்துக்கு வேலை இருக்கிறது. தேயிலை வெட்டிய கைகளுக்கு நாற்று வளர்க்கவும் களை பிடுங்கவும் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, லைன் வீடுகளும் அவற்றைச் சுற்றிய வாசலும் நாலாயிரம் ஹெக்டேரில் ஒரு சிறு துளி. நிலத்தைக் கைமாற்றும்போதே அந்தத் துளியைப் பிரித்து, மத்திய அரசின் அனுமதி வாங்கி, குடும்பத்துப் பெண்கள் பெயரில் வீட்டுமனைப் பட்டா எழுத வேண்டும். யானை வழியில் இருக்கும் வீடுகளுக்குப் பக்கத்திலேயே மாற்றிடம். இரண்டாவது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடிகளின் உரிமையை அளந்து கொடுத்த பிறகே காட்டின் எல்லைக்கல்லை நட வேண்டும். மூன்றாவது, ஓய்வு பெற்றவர்களின் பணத்துக்கும் வீட்டைக் காலி செய்வதற்கும் முடிச்சுப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். உழைத்த பணம் உழைத்தவருக்கு, வீட்டு வழக்கு வேறு.

1964ல் இரண்டு அரசுகள் இந்த மக்களை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டன. 2022ல் ஓர் அரசு அவர்கள் வேலை செய்த நிலத்தை ஹெக்டேராகப் பிரித்தது. சட்டமன்றத்தில் வனத்துறை, வருவாய்த்துறை மானியக் கோரிக்கைகள் அடுத்த முறை வரும்போது, டேன்டீ தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு மனைப் பட்டா கிடைத்தது என்று உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேளுங்கள். மலையிலிருந்து எழும் குரல் கோட்டைக்குப் போய்ச் சேர இத்தனை வருடம் ஆகியும் வழியில்லை. சென்னைக்காரர்கள் கேட்டால் கொஞ்சம் சீக்கிரம் கேட்கும்.